நான் ஓகே ஒட்டிய கம்ப்யூட்டர்

1. கேட்டிலிருந்து வந்த போன்

"அக்கா, என்னைய லைனுக்குள்ள விடமாட்டேங்காவ. நீங்க குடுத்த சீட்டைக் காமிச்ச பொறவுதான் ரொம்பக் கோவமாப் பேசுதாவ."

காலை பத்து மணிக்கு இந்தப் போன் வந்தபோது நான் குன்றத்தூரில் என் கடையில் ஒரு லேப்டாப்பின் மூடியைத் தாங்கும் உடைந்த ஹிஞ்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேசியவள் இசக்கியம்மாள். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டில் வாடகை வீடு. அவள் கணவர் சுப்பையா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கிய நாளிலிருந்து நான்தான் பார்த்து வந்தேன்.

அந்தச் சீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் கம்பெனியில் தொழிலாளர்கள் வேலையை எளிதாக்க யோசனை சொல்லலாம். கைசன் என்பார்கள். படமும் விளக்கமும் வீட்டில் தயார் செய்து பென் டிரைவில் கொண்டுவந்து டிரெய்னிங் ஹாலில் காட்ட வேண்டும். அப்படிக் கொண்டுவருகிறவர்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை என்று ஒரு சர்வீஸ் ஆளிடம் எழுதி வாங்கி வர வேண்டும் என்பது விதி. இந்தப் பக்கத்து ஃபேக்டரிகளில் ஒரு பார்ட் இந்த மெஷினைவிட்டு அடுத்த மெஷினுக்குப் போகவே சரிபார்த்ததற்கான டேக் வேண்டும். பென் டிரைவுக்குச் சீட்டு கேட்டதில் ஆச்சரியமில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சீட்டு அச்சடித்தேன், கடைப் பேரில் ரப்பர் சீலும் செய்து வைத்தேன். லைனில் சரியான பார்ட்டுக்கு ஒட்டுவார்களே, அதே மாதிரி வட்டமான பச்சை ஸ்டிக்கரில் 'ஓகே' என்று போட்டு, ஸ்கேன் முடித்த கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்ட ஆரம்பித்தேன். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. "சிஸ்டம் மேடம் ஒட்டினா கேட்ல ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க" என்று பேர் வந்தது. கோமளா என்ற என் சொந்தப் பெயர் மறந்து சிஸ்டம் மேடமே நிலைத்துவிட்டது. எனக்கு அதில் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இதில் அதிகம் கிடைக்காது.

2. மூன்று முறை சுத்தம் செய்தது

இசக்கியம்மாள் முதல் தடவை கூப்பிட்டது, பென் டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது என்று. எங்கள் தொழிலில் இதை ஷார்ட்கட் வைரஸ் என்போம். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஒரு பொய்யான வாசலை வைக்கும். அதைத் தொட்டால் வைரஸ் ஓட ஆரம்பிக்கும்.

பென் டிரைவை என் லேப்டாப்பில் போட்டேன். வைரஸ் சிக்கியது. நீக்கினேன், மறைந்திருந்த ஃபோல்டர்களை மீட்டேன். பிறகு அவள் கம்ப்யூட்டரை முழு ஸ்கேன் போட்டேன். ஒன்றுமே இல்லை, சுத்தம். ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் அதே புகார். மறுபடியும் பென் டிரைவில் வைரஸ், கம்ப்யூட்டர் சுத்தம். அப்படியானால் வெளியிலிருந்து யாரோ கொண்டுவருகிறார்கள் என்று முடிவு கட்டினேன். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. வீட்டில் வேறு யார் கம்ப்யூட்டரைத் தொடுவது என்று கேட்டேன். சுப்பையா எப்போதாவது படம் பார்ப்பார், பஸ் டிரைவர்கள் பென் டிரைவில் படம் மாற்றிக்கொள்வார்கள் என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. சட்டை மாட்டி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதரை நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், கண்ட படத்த ஏத்திக்கினு வந்து இங்க சொருகுறீங்க? வூட்டுக்காரம்மா கஷ்டப்பட்டு வரையறாங்க இல்ல?"

"ரெண்டே படந்தாம் மேடம் பாத்தேன். அது போன பொங்கலுக்கு."

"வைரஸுக்குப் பொங்கல் தீவாளி எல்லாம் தெரியாது சார்."

அவர் டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். இசக்கியம்மாள் அன்றே கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டாள், கணவருக்குச் சொல்லவில்லை. அதற்கப்புறம் பத்து நாள் அந்த வீட்டில் இருவருக்கும் பேச்சே இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

அவள் என்ன வரைந்தாள் என்று சொல்ல வேண்டும். லைனில் ஒரு இரும்பு பிராக்கெட்டின் துளை சரியா என்று ஒவ்வொன்றாகத் தூக்கித் திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. ஷிப்ட் முடியும்போது மணிக்கட்டு விட்டுப்போகும் என்பாள். தூக்காமலே, வைத்த இடத்திலேயே துளையைச் சோதிக்க பார்ட்டைப் பிடித்து வைக்கும் ஒரு ஃபிக்ஸ்சரை அவளாகவே யோசித்தாள். அதைப் படமாக்க வீட்டில் கேட் (CAD) என்கிற இன்ஜினியரிங் படம் வரையும் சாஃப்ட்வேரில் வரையக் கற்றுக்கொண்டாள். இந்த மாதிரி ஃபிக்ஸ்சர்களைச் செய்யும் டூல் ரூமில் ஆள் எடுக்கிறார்கள் என்றும், இந்தப் படத்தைக் காட்டினால் தன்னை எடுப்பார்கள் என்றும் அவளுக்கு நம்பிக்கை. அவள் கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. டூல் ரூமில் எடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாம் தடவையும் வைரஸ் வந்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சி டிரைவை ஃபார்மட் அடித்து ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டேன். அப்டேட் எல்லாம் ஏற்றினேன். தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு வைத்தேன். பிரவுசரில் தேவையில்லாத எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் செய்தேன். வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டைக்கூட மாற்றினேன். கடைசியில் அவள் கேட் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். முழு ஸ்கேன் ஓட்டினேன். சுத்தம். சீட்டில் சீல் குத்தி, பழைய ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் புதிதாக ஒன்று ஒட்டினேன்.

"இனிமே ஒரு பூச்சி உள்ள வராது. தைரியமாப் போ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3. இருவரில் ஒருவர் பொய்

போன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரகடம் போனேன். விசிட்டர் ரூமில் இசக்கியம்மாள் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே கம்பெனியின் ஐ.டி. அதிகாரி. நடந்தது இதுதான். அவள் கடையில் புதிய பென் டிரைவ் வாங்கி, வீட்டில் பிரித்து, படத்தை ஏற்றி, டிரெய்னிங் ஹால் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறாள். கம்பெனியின் பாதுகாப்பு சாஃப்ட்வேர் அலாரம் அடித்து அந்த ஹாலின் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. முதல் ஷிப்ட் டிரெய்னிங் நின்றுபோனது.

அதிகாரி கத்தவில்லை. நிதானமாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"மேடம், உங்க சீட்டு இல்லன்னா எனக்கு ஈஸி. வீட்டு சிஸ்டத்துல வைரஸ் இருந்துச்சு, தெரியாம நடந்துச்சுன்னு எழுதிட்டு வார்னிங் குடுத்து விட்ருப்பேன். ஆனா வீட்டு சிஸ்டம் கிளீன்னு நீங்க சீல் போட்டு குடுத்திருக்கீங்க. பென் டிரைவ் புதுசு, வேற எங்கயும் போடலன்னு இவங்க சொல்றாங்க. அப்ப வைரஸ் எங்கருந்து வந்துச்சு? ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. உங்களுக்குப் பொய் சொல்றதுக்கு ஒரு காரணமும் இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் பாத்த சிஸ்டம் கிளீன் சார்" என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அதோடு நிற்காமல் அவள் பக்கம் திரும்பி, "நல்லா யோசிச்சிச் சொல்லும்மா, வூட்ல அவரு ஏதாவது சொருகினாரா?" என்று கேட்டேன்.

இசக்கியம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பாஸ்வேர்டு எனக்கு மட்டுந்தாம்க்கா தெரியும்" என்றாள்.

திங்கட்கிழமை மதியம் விசாரணைக் கமிட்டி கூடும், அதற்குள் வைரஸ் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. இல்லாவிட்டால் கான்ட்ராக்டரிடம் சொல்லி ஆளை மாற்றிவிடுவார்களாம். அதுவரை அவள் லைனுக்கு வரக் கூடாது. அன்று வியாழக்கிழமை. டூல் ரூம் இன்டர்வியூ வெள்ளிக்கிழமை. அதற்கும் அவள் உள்ளே போக முடியாது.

4. கேஜை முதலில் பார்ப்போம்

ஞாயிற்றுக்கிழமை காலை வடக்குப்பட்டுக்குப் போனேன். குழாயடியில் இருந்த வீட்டுச் சொந்தக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும், "இன்னா மேடம், இந்தப் பொண்ணு மூணு நாளா வூட்லயே கீது, வேல போச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள். உள்ளே இருந்த இசக்கியம்மாளுக்குக் கேட்டிருக்கும். சுப்பையா வாசலில் உட்கார்ந்து யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

முழு ஸ்கேன் போட்டேன். ஒரு மணி நேரம் ஓடி, சுத்தம் என்று வந்தது.

"பாத்தியா? நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

அவள் திரையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே சிபியூவின் நெற்றியில் நான் ஒட்டிய பச்சை ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீங்க. லைன்ல நானும் ஓகே ஒட்டுத ஆளுதான். ஒரு பார்ட்டு நாங்க அளக்குத கேஜ்ல சரியா வருது, கஸ்டமர்ட்ட போயி தப்பா வருதுன்னா நாங்க பார்ட்ட மறுக்கா மறுக்கா அளக்க மாட்டோம். கேஜைத்தான் மொதல்ல பாப்போம். ஷிப்ட் ஆரம்பிக்கையில அளவு சரின்னு உறுதியாத் தெரிஞ்ச மாஸ்டர் பீஸ வச்சி கேஜை சோதிச்சிட்டுத்தான் அளக்கவே ஆரம்பிப்போம். நீங்க இந்த ஸ்கேனை எதை வச்சி சோதிச்சீங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இருபது வருஷமா இந்த வேல செய்யறேன்மா" என்றேன். சொல்லும்போதே அது அவள் கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரிந்தது.

அவள் பீரோவைத் திறந்து இன்னொரு புதிய பென் டிரைவை எடுத்துவந்தாள். கவர் பிரிக்காதது. என் கண் எதிரே பிரித்து முதலில் என் லேப்டாப்பில் போடச் சொன்னாள். காலியாக இருந்தது, சுத்தம். பிறகு அவள் கம்ப்யூட்டரில் சொருகி, யாரும் எதையும் தொடாமல் கால் மணி நேரம் விட்டோம். திரும்ப என் லேப்டாப்பில் போட்டேன். ஆன்டிவைரஸ் அலறியது.

அப்படியானால் வைரஸ் இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. என் ஸ்கேன் அதைப் பார்க்கவில்லை.

"அது எங்கயெல்லாம் பாக்காதுன்னு ஒரு லிஸ்ட் உண்டுமாக்கா?" என்று கேட்டாள்.

உண்டு. எக்ஸ்க்ளூஷன் என்று பெயர். இந்த ஃபோல்டருக்குள் போகாதே, இந்தப் புரோகிராம் எதைத் தொட்டாலும் கேட்காதே என்று ஆன்டிவைரஸுக்கு நாமே கொடுக்கும் விலக்கு. அதைத் திறந்தேன். இரண்டே வரி. டி டிரைவில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு புரோகிராம். ஃபோல்டரின் பெயர் 'கோமளா டூல்ஸ்'.

என் பெயர். நான் வைத்த ஃபோல்டர். நான் கொடுத்த விலக்கு.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் செகண்ட் ஹேண்டில் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியபோது கேட் சாஃப்ட்வேர் கேட்டாள். லைசென்ஸ் வாங்க அவளால் ஆகாது. நான் கிராக் போட்டுக் கொடுத்தேன். அதாவது பூட்டை உடைத்த சாஃப்ட்வேர். அதோடு, லைசென்ஸ் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்று ஒரு குட்டிப் புரோகிராம் வரும். ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து நீக்கிவிடும். அதனால் அந்த ஃபோல்டருக்கு விலக்கு கொடுத்துவிட்டு ஓட விடுவது எங்கள் வழக்கம். ஆன்டிவைரஸ் எதற்காகக் கத்துகிறது என்று நாங்கள் யோசித்ததில்லை. அந்த ஆக்டிவேட்டரேதான் வைரஸ். கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தானாக எழுந்து, சொருகுகிற பென் டிரைவில் ஒரு குட்டி போடும்.

மூன்றாம் தடவை ஃபார்மட் அடித்தேனே, அப்போது ஒழிந்திருக்க வேண்டும். சி டிரைவைத்தான் அடித்தேன், அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியான டி டிரைவைத் தொடவில்லை. கேட் சாஃப்ட்வேரைத் திரும்பப் போடும்போது அட்மின் பாஸ்வேர்டை நானே அடித்து, அதே ஃபோல்டரிலிருந்து அதே ஆக்டிவேட்டரை ஓட விட்டு, அதே விலக்கையும் கொடுத்தேன். பழகிய கை, யோசிக்காமல் போய்ப் போட்டது. துரத்தியதை நானே கதவு திறந்து உள்ளே அழைத்து உட்கார வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஓகே ஒட்டியிருக்கிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த லேப்டாப்பில் நான் ஒரு நாளும் கிராக் போட்டதில்லை.

"நான்தாம்மா. நான் போட்டதுதான்" என்றேன்.

நிலைப்படியில் ஊசியும் சட்டையுமாக நின்ற சுப்பையாதான் கேட்டார்: "அப்ப எம் பென் டிரைவ் இல்லையா மேடம்?"

"இல்ல சார். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் பேசினது தப்பு. மன்னிச்சிக்கங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னால் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க முடியவில்லை. வேலையைப் பார்க்கிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

அன்று செய்ததுதான் உண்மையான சுத்தம். முதலில் நெட்டைத் துண்டித்தேன். அவள் வரைந்த படங்களை மட்டும் எடுத்தேன், ஓடக்கூடிய புரோகிராம் ஃபைல் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. என் லேப்டாப்பில் புதிதாக இன்ஸ்டாலர் தயாரித்து, சி, டி என்று பார்க்காமல் முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போட்டேன். கிராக் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் வரைபட சாஃப்ட்வேர் ஒன்றில் அவள் படங்கள் திறந்தன. எழுத்துகள் கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தன, அவள் உட்கார்ந்து சரி செய்தாள். வீட்டிலிருந்த எல்லா பென் டிரைவையும் அழித்தோம். மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றச் சொன்னேன். எடுத்த படங்களுக்கு ஒரு நகல் தனி டிரைவில் போட்டு, கழற்றி, பீரோவில் வைத்தோம். கடைசியாக எக்ஸ்க்ளூஷன் லிஸ்டைத் திறந்து காலியாக இருப்பதை அவளுக்குக் காட்டினேன். பிறகு அந்தப் புதிய பென் டிரைவைச் சொருகிக் கால் மணி நேரம் காத்திருந்து என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். சுத்தம்.

ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பழையதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

கிளம்பும்போது இசக்கியம்மாள் வாசல்வரை வந்தாள். "நாளைக்கு இத எழுதிக் குடுத்தா உங்க கடைக்கு ஏதும் ஆயிராதேக்கா?" என்றாள். அவளுக்கு இன்டர்வியூ போயிருந்தது, வேலையும் போகும் நிலை. அந்த நேரத்தில் என் கடையைப் பற்றிக் கேட்டாள்.

5. எழுதிக் கொடுத்தது

எழுதாமல் தப்பிக்க வழி இருந்தது. எங்கிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை, பழைய பென் டிரைவாக இருக்கலாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் என் பெயர் பிழைத்திருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வரியை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிகளில் இசக்கியம்மாளைக் காப்பாற்ற ஒரு சொல்லும் இல்லை.

திங்கட்கிழமை அதிகாரியிடம் முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். கிராக் போட்டது நான், விலக்கு கொடுத்தது நான், பார்க்காத இடத்துக்கும் சேர்த்து சீல் குத்தியது நான் என்று. அவர் இரண்டு முறை படித்தார்.

"இத ஃபைல்ல வச்சா இனிமே உங்க சீட்டு இங்க செல்லாது மேடம். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கல. அவங்க கண்டுபிடிச்சாங்க" என்று கேஜ் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். அதுவரை அந்த மனிதர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஷிப்டுக்கு இசக்கியம்மாளை உள்ளே விட்டார்கள். கான்ட்ராக்டை ஒரு வருஷம் நீட்டினார்கள். டூல் ரூமுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை வந்தவர்களிலிருந்து வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பித் தர என்னால் முடியாது.

பிறகு என் பழைய பில் புத்தகங்களை எடுத்து, அந்த ஃபோல்டரை வைத்துவிட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்தேன். இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்றேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரியவர், "இன்னாம்மா, நீயே வச்சிட்டு நீயே எடுக்க வர்றியா? நல்லா கீதே உன் பொழப்பு" என்று சிரித்தார். சிலர் திட்டினார்கள். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கிராக் போட மாட்டேன் என்று சொல்லத் தொடங்கியதும் இன்னும் சிலர் போனார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஸ்கேன் சுத்தம் என்று வந்தால் கம்ப்யூட்டர் சுத்தம் என்று அர்த்தமில்லை. ஸ்கேன் பார்த்த இடம் சுத்தம், அவ்வளவுதான். எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் முதலில் எக்ஸ்க்ளூஷன் லிஸ்டைத் திறங்கள். அதில் யார் பெயர் இருந்தாலும் நம்பாதீர்கள், உங்கள் பெயர் இருந்தால் இன்னும் நம்பாதீர்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடச் சொல்கிற எதையும் போடாதீர்கள். வைரஸ் வந்தால் வீட்டில் இருக்கிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் கை போன இடங்களைப் பாருங்கள்.

இப்போது பச்சை ஸ்டிக்கர் அடிப்பதில்லை. சீட்டு மட்டும் உண்டு. அதில் இரண்டு பத்தி. இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'பார்க்காதது'. வலது பக்கம் காலியாக இருந்தால் அந்தச் சீட்டை யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கம்பெனி என் சீட்டை இன்றுவரை வாங்குவதில்லை. ஆனாலும் டூல் ரூமுக்கு மறுபடி ஆள் எடுப்பதாகச் சொன்ன வாரம், இசக்கியம்மாள் சுப்பையாவின் பைக்கில் சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கம்பெனிக்கு வேறு இடத்தில் சீட்டு வாங்கிக்கொள்வாளாம், இது அவளுக்காக. பார்த்து முடித்து எழுதிக் கொடுத்தேன். இடது பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. வலது பக்கத்தை வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டாள். நான் பதில் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் அடியில் இன்ஸ்பெக்டர் மாதிரி கையெழுத்துப் போட்டு, சீட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

அதற்குப் பிறகுதான் நான் சீல் குத்தினேன்.